உங்களுக்குத் தெரியுமா? கதை அவருடையது, படம் யாருடையது?

● அமெரிக்காவின் கிரிஸ் கஷ்டனோவா வெளியிட்ட படக்கதை ‘ஜார்யா ஆஃப் தி டான்’. கதையும் வசனமும் அவர் எழுதியவை. படங்கள் மட்டும் மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி தந்தவை.

● 2022 செப்டம்பரில் அதற்குப் பதிப்புரிமைப் பதிவு கிடைத்தது. படங்கள் வந்த வழி தெரிந்ததும், 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அந்தப் பதிவைச் சுருக்கியது. எழுத்துக்கும், படங்களைத் தேர்ந்தெடுத்து அடுக்கிய விதத்துக்கும் உரிமை உண்டு. தனித்தனிப் படங்களுக்கு இல்லை.

● காரணம்: கருவியில் எதைத் தட்டச்சு செய்தாலும், எந்தப் படம் வரும் என்று அதைக் கேட்டவரால் முன்கூட்டியே சொல்ல முடியாது.

● ஒரு படத்தில் கதாபாத்திரமான ஜார்யாவின் உதடுகளை அவர் திருத்தியிருந்தார். அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது என்று அதையும் அலுவலகம் ஏற்கவில்லை.

● இந்தியச் சட்டத்தில், கணினி வழி உருவாகும் படைப்புக்கு, அதை உருவாகச் செய்த நபரே ஆசிரியர். 1994-ல் சேர்த்த இந்த விதி, இன்றைய கருவிகளை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல.

● ஓவியர்கள் கவனிக்க: நீங்கள் கையால் வரைந்த கோட்டோவியங்களையும் திருத்திய பிரதிகளையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். உங்கள் உழைப்புக்கு அவையே சாட்சி.