கனெக்டர் எண்கள் சொல்லும் சேதி

மோட்டார் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? எஞ்சினைச் சுற்றிக் கொடிபோலப் படர்ந்து கிடக்கும் வயர்களைக் கண்டு மலைத்துப் போயிருப்பீர்கள். அந்த வயர்க் கற்றைகள் ஆங்காங்கே பிளாஸ்டிக் கூடுகளில் முடிந்து, எதிரேயுள்ள கூட்டோடு பொருந்துகின்றன. இந்தக் கூடுதான் கனெக்டர். எலக்ட்ரீஷியன்கள் இதைக் 'கப்ளர்' என்பார்கள். ஒரு விளக்கு எரியாவிட்டால் கோளாறு விளக்கிலா, ஸ்விட்சிலா, வழியிலா என்று கண்டுபிடிக்க ஏற்ற இடம் இதுவே. அதற்காகவே காரைத் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு கனெக்டருக்கும் ஓர் அட்டவணை தருகிறார்கள். எத்தனையாவது முனை, அதில் சேரும் வயரின் நிறம் என்ன, அது எங்கே போகிறது, அங்கே எவ்வளவு வோல்ட் இருக்க வேண்டும் என்பனவெல்லாம் அதில் இருக்கும்.

இவ்வகையில் ஜெர்மானியர்கள் செய்த ஏற்பாடு ஒன்று மிக அழகானது. டி.ஐ.என். 72552 என்ற தரநிர்ணயத்தின்படி, முனைகளுக்கு அவற்றின் வேலையைப் பொறுத்து எண்கள் உண்டு. 30 என்றால் பேட்டரியின் நேர்முனையிலிருந்து எப்போதும் மின்சாரம் வரும் முனை. 15 என்றால் சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. 31 என்பது எர்த். முகப்பு விளக்கின் தூர ஒளிக்கு 56ஏ, தாழ் ஒளிக்கு 56பி. ஒரு ரிலேயைக் கையில் எடுத்துப் பாருங்கள். 30, 85, 86, 87 என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். 85, 86 காந்தச் சுருளின் இரு முனைகள். அதில் மின்னோட்டம் பாய்ந்தால் காந்தம் இழுத்து, 30-ஐயும் 87-ஐயும் இணைக்கும். எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்குப் படம் கூடத் தேவையில்லை!

நிறங்களை அப்படி நம்பிவிட முடியாது. ஜெர்மன் கார்களில் எர்த் வயர் வழக்கமாகப் பழுப்பு நிறம். கறுப்பு வயரோ சாவியைத் திருப்பியதும் உயிர்பெறும் 15. ஜப்பானியக் கார்கள் பலவற்றில் அதே கறுப்புதான் எர்த். ஒன்றைப் பழகியவர் மற்றதில் கைவைத்தால் என்ன ஆகும்? ஃப்யூஸ் போவதோடு நின்றால் நல்லது.

இன்னொரு தொல்லையும் உண்டு. அட்டவணைப் படத்தில் கனெக்டரை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்திருக்கிறார்கள் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பொருந்தும் முகத்திலிருந்து பார்க்கும்போது மேல் வரிசையில் இடக்கோடியில் இருக்கும் 1-ஆம் முனை, வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வலக்கோடிக்குப் போய்விடும். கண்ணாடியில் உங்கள் வலக்கை இடக்கையாகத் தெரிவது போலத்தான்.

சரியான முனையைக் கண்டுபிடித்தாயிற்று. அட்டவணை '12 வோல்ட்' என்கிறது. விளக்கைக் கழற்றிவிட்டு வோல்ட்மீட்டரை வைத்தால் அதுவும் 12 காட்டுகிறது. ஆனால் விளக்கை மாட்டினால் மங்கலாகவே எரிகிறது. அட்டவணை பொய்யா, மீட்டர் பொய்யா?

இரண்டும் மெய்யே. 55 வாட் விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் 4.6 ஆம்பியர், எனவே அதன் தடை 2.6 ஓம். இப்போது கனெக்டரின் ஒரு முனையில் பச்சைக் களிம்பு பிடித்து, அங்கே அரை ஓம் தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்ளுங்கள். மொத்தத் தடை 3.1 ஓம், மின்னோட்டம் 3.9 ஆம்பியராகக் குறைகிறது. விளக்குக்குக் கிடைப்பது 10.1 வோல்ட். மீதி 1.9 வோல்ட்டைக் களிம்பு விழுங்கிவிடுகிறது. (இழையின் தடை வெப்பத்தோடு சிறிது மாறும், அதை இங்கே விட்டுவிடுவோம்.) வோல்ட் இவ்வளவு குறைந்தாலே ஒளி ஏறக்குறையப் பாதியாகிவிடும். களிம்பில் 7 வாட்டுக்கு மேல் வெப்பமும் உண்டாகும். கனெக்டரின் பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருப்பதன் காரணம் பல சமயம் இதுதான்.

விளக்கைக் கழற்றியதும் நடப்பது வேறு. இன்றைய டிஜிட்டல் மீட்டர் பலவற்றின் உட்தடை ஒரு கோடி ஓம். அதன் வழியே ஓடுவது ஒரு மைக்ரோ ஆம்பியரைச் சற்றே தாண்டும். அந்தத் துளி மின்னோட்டத்துக்கு அரை ஓம் ஒரு தடையா? மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டுகிறது. ஆகவே அட்டவணை எண்ணை, கனெக்டர் பொருந்தி விளக்கு எரியும் நிலையில் சோதிக்க வேண்டும். விளக்கு எரியும்போதே, பேட்டரியின் நேர்முனைக்கும் விளக்கின் நேர்முனைக்கும் இடையே மீட்டரை வைப்பது இன்னும் நல்ல வழி. வழியில் இழந்த வோல்ட்டை மீட்டர் நேராகவே சொல்லிவிடும். எர்த் பக்கத்திலும் இதேபோல் பார்க்க வேண்டும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. மஞ்சள் நிறக் கனெக்டர்கள் பொதுவாக விபத்தின்போது விரியும் காற்றுப்பையைச் சேர்ந்தவை. மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற வயர்களில் இருப்பது உயர் மின்னழுத்தம். இவ்விரண்டின் அருகிலும் போகாதீர்கள்.

களிம்பின் வேலையைப் பார்க்கக் காரே வேண்டாம். இரண்டு டார்ச் செல்கள், ஒரு டார்ச் பல்பு, கொஞ்சம் வயர், ஒரு துருப்பிடித்த ஆணி இவை போதும். ஆணியும் சுற்றின் ஒரு பகுதியாகும்படி, அதன் இரு முனைகளிலும் வயரை முறுக்கிச் சுற்றை அமையுங்கள். இரண்டு வயர்களுக்கும் குறுக்கே பள்ளி ஆய்வுக்கூடத்து வோல்ட்மீட்டரை இணைத்து, பல்பு மாட்டியிருக்கும்போது ஒரு முறையும் கழற்றியபின் ஒரு முறையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வயர் தொடும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மீண்டும் அளந்து பாருங்கள்.