டெர்மினலில் கீபோர்டு வேலை செய்யவில்லையா? விண்டோவை மூடும் முன் இதைப் பாருங்கள்

காலையிலிருந்து விடாத மழை. கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் பக்கம் வழக்கம்போல தண்ணீர் தேங்கிவிட்டது. ஹார்பர் லைனை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. 'வீட்டிலிருந்தே பாருங்க' என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். நீங்களும் ஃபில்டர் காபியோடு லேப்டாப்பைத் திறந்து, எங்கோ இருக்கும் லினக்ஸ் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, ஒரு பெரிய டேட்டாபேஸ் வேலையை ஓட விடுகிறீர்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் திரை அப்படியே நிற்கிறது. எதை அடித்தாலும் ஒரு எழுத்துகூட விழவில்லை.

அடுத்து என்ன செய்வோம்? என்டரை நாலு தட்டு. கன்ட்ரோல் சி பத்து தட்டு. அதற்கும் அசையவில்லை என்றால் விண்டோவின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறி.

கொஞ்சம் கையை எடுங்கள். கீபோர்டு செத்துவிட்டது என்று நாம் நினைக்கும் நேரங்களில் பெரும்பாலும் அது உயிரோடுதான் இருக்கிறது. நீங்கள் அடித்த எழுத்துகள் வழியில் எங்கோ வரிசையில் நிற்கின்றன. தடை நீங்கியதும் எல்லாம் ஒட்டுமொத்தமாகப் போய்ச் சேரும். நெட் திரும்பி வந்த நொடியில், அந்தப் பத்து கன்ட்ரோல் சி-யும் சர்வரை அடைந்து, அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேலையைக் கொன்றுவிடும். அதாவது, பிரச்னை தானாகவே சரியாகிவிட்டது. கெடுத்தது நம்ம விரல்.

எழுத்து எங்கே மாட்டிக்கொள்கிறது?

நீங்கள் ஒரு கீயைத் தட்டினால், அது முதலில் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் போகிறது. எந்த மொழி என்று பார்க்கும் அடுக்கு ஒன்று அதை எழுத்தாக மாற்றுகிறது. பிறகு டெர்மினல் விண்டோ. தொலைவில் உள்ள சர்வர் என்றால் நடுவில் இன்டர்நெட். கடைசியில், கமாண்டை வாங்கி ஓட்டும் ஷெல். இத்தனை கை மாறுகிற பொருள் எந்தக் கையில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

முதல் சோதனைக்கு அரை நிமிடம் போதும். வேறொரு விண்டோவில், நோட்பேடிலோ பிரவுசரிலோ, ரெண்டு எழுத்து அடித்துப் பாருங்கள். அங்கேயும் விழவில்லை என்றால் பேட்டரி, ப்ளூடூத், கேபிள் இவற்றைப் பாருங்கள். அங்கே விழுகிறது என்றால் கீபோர்டு மேல் குற்றமில்லை.

விழுகிறது, ஆனால் தமிழில் விழுகிறது என்றால்? சிரிக்காதீர்கள், நம்மில் பலருக்கு இதுதான் நடக்கிறது. வீட்டு குரூப்பில் தமிழில் பதில் போட்டுவிட்டு கீபோர்டை மாற்ற மறந்திருப்போம். 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 அமைப்பில் எல் கீ 'த', எஸ் கீ 'இ'. ஃபைல் பட்டியலைப் பார்க்க 'எல்எஸ்' அடித்தால் திரையில் வந்து நிற்பது 'தி'. ஷெல்லுக்கு அப்படி ஒரு கமாண்ட் தெரியாது. 'விம்' எடிட்டரில் இன்னும் மோசம். வெளியே வர வேண்டிய க்யூ கீ, 'ஆ' என்கிறது. (ஆங்கிலத்தில் சரியாக அடித்தாலே விம்மிலிருந்து வெளியே வரத் தெரியாமல் உலகமே திணறுகிறது என்பது வேறு கதை.)

உண்மையில் ஆபத்தான இடம் பாஸ்வேர்டு. டெர்மினலில் பாஸ்வேர்டு கேட்கும்போது பெரும்பாலும் நட்சத்திரக் குறிகூட வராது. எத்தனை எழுத்து என்பதையும் அருகில் இருப்பவர் எண்ணக்கூடாது என்பதற்காக அப்படி. இது பழுது அல்ல. ஆனால் கீபோர்டு தமிழில் இருந்தால் தவறாக அடிப்பது உங்களுக்கே தெரியாது. நாலைந்து தடவை தவறினால் கணக்கை லாக் செய்துவிடும் அலுவலகங்கள் உண்டு. முதல் தடவை தவறியதுமே நிறுத்தி, மேலேயோ கீழேயோ இருக்கும் மொழி அடையாளத்தைப் பாருங்கள்.

சேவ் பண்ணப் போய் ஃப்ரீஸ் ஆன கதை

இப்போது லினக்ஸின் மிகப் பழைய கண்ணிக்கு வருவோம். வேர்டில் பழகிய கை, தன்னையறியாமல் கன்ட்ரோல் எஸ் அடிக்கும். டெர்மினலுக்கு அது 'சேவ்' இல்லை. 'நிறுத்து' என்று அர்த்தம். திரை உறைந்துவிடும். விடுவிக்க கன்ட்ரோல் க்யூ.

ஏன் இப்படி? டெர்மினலுக்கு முன்னோடி, டெலிடைப் எனும் தட்டச்சு இயந்திரம். 1963-இல் வந்த மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். காகித நாடாவில் துளை போட்டு வைத்த செய்தியைப் படித்து அனுப்பவும் செய்யும். அந்த நாடாவை ஓட்டவும் நிறுத்தவும் ஆஸ்கி குறியீட்டில் 17, 19 என்ற இரண்டு எண்கள் ஒதுக்கப்பட்டன. ஆங்கில வரிசையில் 17-ஆவது எழுத்து க்யூ, 19-ஆவது எஸ். கன்ட்ரோல் கீ செய்வதும் அதைத்தான்: எழுத்தை அதன் வரிசை எண்ணாக்கி அனுப்புகிறது. நாடா போய்விட்டது, மெஷின் மியூசியத்துக்குப் போய்விட்டது, 'நில்' என்ற உத்தரவு மட்டும் உங்கள் லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் திரை உறைந்தால் கன்ட்ரோல் சி-க்கு முன்னால் கன்ட்ரோல் க்யூ ஒரு தடவை. சும்மா நின்றிருந்தால் ஓடத் தொடங்கும். இல்லையென்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரே எச்சரிக்கை: லினக்ஸ் கம்ப்யூட்டரில் விஎஸ் கோடுக்குள் டெர்மினலைத் திறந்திருந்தால், அங்கே கன்ட்ரோல் க்யூ என்பது மொத்த விஎஸ் கோடையும் மூடும் ஷார்ட்கட்.

விண்டோஸிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. பழைய கறுப்பு கமாண்ட் விண்டோவுக்குள் தெரியாமல் மவுஸால் க்ளிக் செய்தால், எழுத்தைத் தேர்வு செய்வதாக எண்ணி அது திரையை நிறுத்திவிடும். தலைப்பில் 'செலக்ட்' என்று முளைத்திருந்தால் அதுதான் காரணம். எஸ்கேப் தட்டினால் போதும்.

கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறதா?

சில நேரம் எழுத்து தெரியாது, ஆனால் என்டர் தட்டினால் கமாண்ட் ஓடும். ஒரு ப்ரோகிராம் பாதியில் விழுந்து, 'அடிப்பதைத் திரையில் காட்டாதே' என்ற அமைப்பைத் திருப்பி வைக்காமல் போயிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதுபோல, என்டர் தட்டி, எஸ் டி டி ஒய் என்ற நான்கு எழுத்தும் ஓர் இடைவெளியும் 'சேன்' என்ற ஆங்கிலச் சொல்லும் அடித்து மறுபடி என்டர். 'சித்தம் தெளிந்த' என்று பொருள்படும் சொல். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். என்டரே எடுபடவில்லை என்றால் அதற்குப் பதில் கன்ட்ரோல் ஜே. திரை முழுக்கக் கிறுக்கல் எழுத்தாகிவிட்டால் 'ரீசெட்'.

இன்னொன்று: ஷெல் உங்களுக்காகக் காத்திருக்கலாம். மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூடாமல் என்டர் அடித்தால், வரியின் தொடக்கத்தில் ஒரு கூர்முனைக் குறி மட்டும் வரும். இன்னும் எழுதுங்கள் என்கிறது அது. இங்கே கன்ட்ரோல் சி தாராளமாக அடிக்கலாம்.

மழை நாளுக்குத் திரும்புவோம்

கன்ட்ரோல் க்யூவுக்கு அசையவில்லை. இப்போது இன்னொரு டெர்மினலைத் திறந்து அதே சர்வருக்குள் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் உங்கள் வேலை ஓடுகிறதா என்பதை அங்கிருந்தே பார்க்கலாம். நுழைய முடியவில்லை, பிரவுசரும் திறக்கவில்லை என்றால் நெட் போயிருக்கிறது. எதையும் அடிக்காமல் சில நிமிடம் பொறுங்கள். குறுகிய துண்டிப்பு என்றால் எஸ்எஸ்ஹெச் விட்ட இடத்திலிருந்தே தொடரும். அவசரப்பட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் உங்கள் ஐபி முகவரி மாறிவிடும், பழைய இணைப்பு அதன்பின் எழாது.

எழாது என்று உறுதியானால் என்டர், பிறகு அலைக்கோடு போன்ற டில்டே குறி, பிறகு முற்றுப்புள்ளி. இந்த மூன்றும் எஸ்எஸ்ஹெச்சுக்கு மட்டுமான ரகசியக் கதவு. நெட் இல்லாமலே உங்கள் கம்ப்யூட்டரில் வேலை செய்து, உறைந்த இணைப்பைத் துண்டிக்கும்.

அப்போது சர்வரில் ஓடும் வேலை என்ன ஆகும்? இணைப்பு போனது தெரிந்ததும், அந்த டெர்மினலில் இருந்த வேலைகளுக்கு 'ஹேங்அப்' என்ற சிக்னல் போகும். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். டெலிபோன் லைனில் கம்ப்யூட்டர் பேசிய காலத்துப் பெயர். அதைக் கேட்டதும் பெரும்பாலான ப்ரோகிராம்கள் நின்றுவிடும்.

இதற்குத்தான் 'டிமக்ஸ்'. 2007-இல் வந்த இலவச மென்பொருள். அதைவிடப் பழையது 1987-இன் 'ஸ்க்ரீன்'. சர்வருக்குள் நுழைந்ததும் முதலில் டிமக்ஸ் என்று அடித்து, அதற்குள் வேலையைத் தொடங்கினால், அது உங்கள் விண்டோவை நம்பி இருக்காது. கிங்ஸ் சர்க்கிளில் கரன்ட்டே போனாலும் சர்வரில் அது பாட்டுக்கு ஓடும். சாயங்காலம் தண்ணீர் வடிந்தபின் திரும்ப நுழைந்து 'டிமக்ஸ் அட்டாச்' என்று அடித்தால், காலையில் விட்ட அதே திரை.