மீந்த இறைச்சியும் ஸ்பெயின் தேசத்துப் பலகாரமும்

நேற்றைய குழம்பில் மீந்த இரண்டு துண்டு இறைச்சி ஐந்து பேருக்குப் போதுமா? போதும் என்கிறார்கள் ஸ்பெயின் தேசத்துத் தாய்மார். கொண்டைக்கடலை, இறைச்சி, காய்கறிகளை ஒரே பானையில் நெடுநேரம் வேகவைக்கும் ‘கோசிதோ’ அங்கே புகழ்பெற்ற உணவு. அதில் மீந்த இறைச்சியே மறுநாள் ‘குரோக்கெட்டா’ என்னும் பலகாரமாகிறது. இறைச்சியை விலக்கும் லெந்து நாட்களில் உப்பிட்ட காட் மீனைச் சேர்ப்பர்.

இப்பண்டம் பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்கு வந்தது. ஆயினும் எமிலியா பார்டோ பாசான் என்னும் ஸ்பானிய எழுத்தாளர் தமது சமையல் நூல் ஒன்றில், பிரெஞ்சுப் பண்டம் பெரிதும் கடினமுமானது என்றும், தம் நாட்டில் நன்கு செய்யப்படுவது வாயில் கரையக்கூடியது என்றும் எழுதினார்.

நம்முடைய கட்லெட்டைப்போல இதில் உருளைக்கிழங்கு இல்லை. பாலும் மாவுமே சிறிதளவு இறைச்சியைப் பெருகச் செய்கின்றன.

தேவையானவை: வெண்ணெய் 60 கிராம், மைதா 70 கிராம், பால் 500 மி.லி., பொடியாக உதிர்த்த வெந்த கோழியிறைச்சி 150 கிராம், சிறிய வெங்காயம் 1, உப்பு, சிறிது ஜாதிக்காய்த் தூள், முட்டை 2, ரொட்டித் தூள், பொரிக்க எண்ணெய்.

வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, மைதாவைச் சேர்த்துச் சிறுதீயில் பச்சை வாசனை நீங்கும்வரை கிளறவும். சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியின்றிக் கிளறவும். இறைச்சி, உப்பு, ஜாதிக்காய்த் தூள் சேர்த்து, கலவை வாணலியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிளறி இறக்கவும்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். கலவையைத் தட்டில் பரப்பி, சூடு தணிந்ததும் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது 4 மணி நேரம் வைக்கவும். இரவு முழுவதும் வைப்பது இன்னும் நலம். அவசரப்பட்டு இளஞ்சூட்டில் உருட்டினால் உருவம் நில்லாது, எண்ணெயில் பிளந்துபோகும்.

இறுகிய கலவையை விரல் நீளத்திற்கு உருட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, இடைவெளியின்றி ரொட்டித் தூளில் புரட்டவும். எண்ணெயில் ஒரு துணுக்கு ரொட்டித் தூளைப் போட்டால் உடனே பொரிய வேண்டும்; அதுவே தக்க சூடு. ஒரு தடவைக்கு நான்கைந்து மட்டும் இட்டு, பொன்னிறமானதும் எடுக்கவும். அதிகம் இட்டால் சூடு குறைந்து எண்ணெய் குடிக்கும்.

இந்த அளவில் ஏறக்குறைய 20 உருண்டைகள் கிடைக்கும். மீந்தது என்று நாம் ஒதுக்கிவைத்த ஒரு கிண்ணம் இறைச்சி, வீட்டார் அனைவரும் கூடி உண்ணும் மாலைச் சிற்றுண்டியாகிவிடும்.