பட்டினி டயட்டால் நின்ற மாதவிலக்கு: மாத்திரை போட்டால் சரியாகிவிடுமா?

சென்னை: "குண்டாயிடுவேன்" என்ற பயத்தில் சோற்றை ஒதுக்கும் இளம்பெண்களுக்கு மாதவிலக்கே நின்றுபோவது உண்டு. வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு பலர் மறைத்துவிடுகிறார்கள். சிலர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். அது ஆபத்து.

கேரள மாநிலம் கண்ணூர் மாவட்டத்தில் 2025 மார்ச்சில், எடை கூடும் பயத்தில் மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாத 18 வயது மாணவி உயிரிழந்தார். 'அனோரெக்சியா நெர்வோசா' எனும் இது மனநோய். பிடிவாதம் அல்ல.

ஏன் நிற்கிறது?

உடம்பில் கொழுப்பு கரைந்தால் லெப்டின் ஹார்மோன் குறையும். உடனே மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி 'இது பஞ்ச காலம், பிள்ளை பெற நேரமில்லை' என்று முடிவு கட்டிவிடும். சினைப்பைக்கு உத்தரவு போகாது. ஈஸ்ட்ரோஜன் குறையும். மாதவிலக்கு நிற்பதோடு எலும்பும் பலம் இழக்கும். பார்வைக்கு ஒல்லியாக இல்லாதவர்களுக்கும் இது வரலாம்.

மாத்திரை போதுமா?

கருத்தடை மாத்திரையை நிறுத்தியதும் ரத்தப்போக்கு வரும். அது மாத்திரையின் வேலை. மூளை இன்னும் விழிக்கவில்லை. "அதான் வந்துடுச்சே" என்று ஏமாந்தால் எலும்புத் தேய்மானம் உள்ளே தொடரும்.

உண்மையான மருந்து மூன்று வேளைச் சாப்பாடு, இழந்த எடையை மீட்பது, மனநல ஆலோசனை. அளவுக்கு மீறிய உடற்பயிற்சியையும் நிறுத்த வேண்டும். 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தேவையான எடையை எட்டியவர்களில் 86 சதவீதம் பேருக்கு 6 மாதத்துக்குள் மாதவிலக்கு திரும்பியது. சிலருக்கு இன்னும் தாமதமாகலாம். பொறுமை வேண்டும்.

இதையும் கவனிக்க...

* முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளியாகும். அதனால் மாதவிலக்கு வராவிட்டாலும் கர்ப்பம் தரிக்கலாம்.

* பல நாள் பட்டினி கிடந்தவருக்கு வீட்டிலேயே திடீரென அதிகமாக ஊட்டக்கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். டாக்டர் கண்காணிப்பு அவசியம்.

* தொடர்ந்து 3 மாதம் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள். கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் பரிசோதனைகள் தேவைப்படும்.

எங்கே போவது?

வடசென்னைவாசிகளுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையும், ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும் பக்கத்திலேயே உள்ளன. 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண்: 14416. எந்த நேரமும் பேசலாம்.

அம்மாக்களே, தட்டில் சோறு மிஞ்சினால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள்.