வீட்டைப் புதுப்பிக்குமுன் கிணற்றை அளப்போம்

மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் வாழ்ந்துவரும் நம் தமிழ் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் கடன் விண்ணப்பங்களில் ஒரு வகை அடிக்கடி காணப்படுகிறது. கும்பளங்கி, செல்லானம், வைப்பின் போன்ற அண்டை ஊர்களில் பத்துப் பதினைந்து சென்ட் தென்னந்தோப்பும் அதன் நடுவே ஒரு பழைய ஓட்டு வீடும் விலைக்கு வரும். அதனை வாங்கிப் பழுதுபார்த்துக் குடியேறுவது, இரண்டு மூன்று அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவது என்பது திட்டம். 2003-இல் கும்பளங்கி மாதிரிச் சுற்றுலாக் கிராமமாகத் தேர்வு செய்யப்பட்ட பின் இத்தகைய முயற்சிகளுக்கு நல்ல முன்னுதாரணமும் உண்டு.

விண்ணப்பத்துடன் மூல ஆவணம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, வழக்கறிஞரின் கருத்துரை, மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவை வருகின்றன. கிணற்றைப் பற்றி இவற்றில் எதிலும் விரிவாக ஒன்றும் இருப்பதில்லை. மிஞ்சினால் 'கிணறு ஒன்று உண்டு' என்ற ஒரு வரி இருக்கும். அந்தக் கிணறு எத்தனை லிட்டர் தரும், எந்த மாதம் வரை இனிக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. வங்கிகளாகிய நாமும் இதுவரை வற்புறுத்திக் கேட்டதில்லை என்பதே உண்மை.

கேட்காததன் விலை கோடையில் தெரியவரும். கொச்சியின் சுற்றுலாப் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளுகிறது. கிணறு உப்பாக மாறும் பருவமும் ஏறத்தாழ அதுவேதான். விருந்தினர் வரும் நேரத்தில் நீர் இல்லையென்றால் லாரித் தண்ணீர் வாங்க வேண்டும் அல்லது அறைகளைப் பூட்ட வேண்டும். மாதத் தவணை இரண்டில் எதற்கும் காத்திருக்காது.

குழாய் இணைப்பு இருக்கிறதே என்று சிலர் கூறுவர். கொச்சியின் நல்ல நீர் எப்போதும் வெளியிலிருந்தே வந்திருக்கிறது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். ஆலுவாயிலிருந்து பெரியாற்று நீரை வள்ளங்களில் ஏற்றிக் கொண்டுவந்து விற்ற காலம் ஒன்று இருந்தது. 1914-இல் பெரியாற்றங்கரையிலுள்ள சொவ்வரயில் நீரேற்று நிலையம் தொடங்கிய பின்னரே குழாய் நீர் வந்தது. இன்று மேற்குக் கொச்சியின் பெரும்பகுதி மூவாற்றுப்புழை ஆற்றில் பாழூரிலிருந்து எடுத்து மரடில் சுத்திகரிக்கப்படும் நீரை நம்பியிருக்கிறது. 2023-இன் தொடக்கத்தில் பாழூர் நிலையத்தின் மோட்டார்கள் பழுதானபோது மேற்குக் கொச்சியின் பல பகுதிகளில் வாரக்கணக்கில் குழாய்கள் வறண்டு கிடந்தன. குழாயின் கடைக்கோடியில் இருக்கும் தீவுக் கிராமங்களுக்குச் சொந்தக் கிணறு இரண்டாவது காப்பீடு போன்றது. ஆகவே அந்தக் காப்பீட்டின் அளவை முன்னரே அறிந்துகொள்வது நலம்.

இப்பகுதியின் நிலத்தடி நீர் தமிழகத்தின் உள்மாவட்டக் கிணறுகளில் ஊறும் நீரைப் போன்றதன்று. ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் வேம்பநாட்டுக் காயல், நடுவே மணல்மேடு. மழைநீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இந்தச் சிறிய வேறுபாடுதான் இரண்டையும் பிரித்து வைக்கிறது. டச்சு ராணுவப் பொறியாளர் பாடன் கைபன் 1888-இலும், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் தனித்தனியே கண்டுகூறிய கணக்கு இது: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் எத்தனை உயரம் நிற்கிறதோ, அதைப்போல் நாற்பது மடங்கு ஆழத்துக்குக் கீழேயும் நன்னீர் இருக்கும். மேலே அரை மீட்டர் நின்றால் கீழே இருபது மீட்டர்.

இக்கணக்கில் மகிழ்ச்சியைவிட எச்சரிக்கையே மிகுதி. மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஒரு சென்டிமீட்டர் இறக்கி அப்படியே வைத்திருந்தால், உப்புநீரின் எல்லை நாற்பது சென்டிமீட்டர் மேலேற முனையும். நடைமுறையில் இரண்டு நீரும் கலந்து நிற்கும் பட்டை ஒன்று இருப்பதால், ஏட்டுக் கணக்கைவிட முன்னதாகவே உப்பு நாக்கில் தட்டும். 'நீர் போதவில்லையா, ஆழமாக போர் போடு' என்ற அறிவுரை கோயம்புத்தூரில் பலிக்கலாம். இங்கே அது பெரும்பாலும் வில்லையைத் துளைத்து உப்புநீருக்கு வழி திறப்பதாகவே முடியும். ஆழமற்ற கிணறுகள் இரண்டை இடைவெளி விட்டு அமைத்து மெதுவாக இறைப்பதே இம்மண்ணுக்கு ஏற்ற முறை.

இனி அளவீட்டுக்கு வருவோம். முதலில் தேவை. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனக் கொண்டால் 540 லிட்டர். விடுதிகளுக்குப் படுக்கை ஒன்றுக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் கணக்கு. மூன்று அறைகளில் ஆறு பேர் தங்கினால் 1,080 லிட்டர். மொத்தம் 1,620 லிட்டர். தோட்டத்துக்கு ஊற்றுவது இதில் சேராது.

அடுத்து வரவு. பத்து சென்ட் என்பது ஏறத்தாழ 405 சதுர மீட்டர். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அவ்வளவு நிலத்தில் ஓராண்டில் விழும் மழை பன்னிரண்டு லட்சம் லிட்டருக்கு மேல். பார்வைக்குப் பெருந்தொகைதான். ஆனால் மேற்குக் கடற்கரை வண்டல் மண்ணில் மழையின் பத்தில் ஒரு பங்கே நிலத்தடியில் சேரும் என்பது 1997-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறை கொள்ளும் அளவு. எனவே நம் கணக்கில் வரவு 1,21,500 லிட்டர், அதாவது நாளொன்றுக்கு 333 லிட்டர். செலவோ 1,620 லிட்டர். ஐந்தில் ஒரு பங்குதான் நம் மனையின் சொந்த வருமானம். எஞ்சியது அயலாரின் மனைகளில் இறங்கிய மழை. அண்டை வீட்டார் நால்வரும் அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கினால் என்னாகும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கிணற்றின் ஊறலை அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓர் அளவு நாடா, ஒரு கடிகாரம், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஆகியவை போதும். உட்புற விட்டம் இரண்டு மீட்டர் உள்ள கிணற்றில் ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது 31 லிட்டருக்குச் சற்று மேல். ஆகவே மேற்கண்ட தேவைக்கு நாள்தோறும் 52 சென்டிமீட்டர் நீர் இறங்கி, மறுநாளைக்குள் மீண்டும் ஏற வேண்டும். காலையில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அரை மீட்டர் இறங்கும்வரை இறைத்து, பின்பு மணிக்கொரு முறை மட்டத்தை அளந்து எழுதிவர வேண்டும். நான்கைந்து மணி நேரத்தில் பழைய மட்டம் திரும்பினால் அளவில் குறையில்லை. இரவு கடந்தும் திரும்பாவிட்டால் திட்டத்தில் ஓர் அறையையாவது குறைத்துக்கொள்வது நல்லது.

மணற்பாங்கான கிணறுகள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் எளிதாகத் தேறிவிடும். தேறியதும் பலர் நிறைவு கொண்டு எழுந்துவிடுகின்றனர். மெய்யான தேர்வு சுவையில் இருக்கிறது. இறைப்பதற்கு முன்பும், இறைத்து முடித்ததும், மட்டம் திரும்பிய பின்பும் மீட்டரில் அளவைக் குறிக்க வேண்டும். தொடக்கத்தில் 400 என்று காட்டிய மீட்டர் இறைத்த பின் 700 காட்டினால் உப்பு கீழிருந்து ஏறுகிறது என்று பொருள். இதே அளவை ஓத ஏற்றத்தின்போதும் வற்றத்தின்போதும் ஒவ்வொரு முறை எடுத்தால், காயலுக்கும் கிணற்றுக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.

எந்த மாதத்தில் அளப்பது என்பதே எல்லாவற்றினும் முதன்மையான கேள்வி. செப்டம்பரில் இப்பகுதியின் எந்தக் கிணற்று நீரும் இனிக்கும். தென்மேற்குப் பருவமழை வில்லையை நிரப்பி முடித்திருக்கும் நேரம் அது. விற்பவர் வீட்டைக் காட்ட விரும்பும் நேரமும் அதுவேயாக இருப்பதில் வியப்பில்லை. கோடை மழை வலுப்பதற்கு முன், ஏப்ரலில் எடுக்கும் அளவுதான் நம்பத்தக்கது. அதுவரை காத்திருக்க இயலாதவர்கள் அண்டை வீட்டுப் பெண்களிடம் கேட்கலாம். எந்த மாதத்தில் கிணற்று நீரில் தேநீர் போடுவதை நிறுத்துகிறீர்கள், எப்போது பருப்பு வேக மறுக்கிறது, எப்போது சோப்பு நுரைப்பதில்லை என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை பல ஆண்டுகளின் பதிவேட்டுக்குச் சமம்.

மனையைச் சுற்றியுள்ள வயல்களையும் பார்க்க வேண்டும். பொக்காளி நிலங்களில் மழைக்காலத்தில் நெல் விளையும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மதகைத் திறந்து காயலின் உப்புநீரை உள்ளே விட்டு இறால் வளர்ப்பர். இத்தகைய இறால் கெட்டின் ஓரத்தில் அமைந்த கிணறு ஆண்டில் பாதி நாள் உப்பாக இருக்கும். இது யாருடைய குற்றமும் அன்று, தலைமுறைகளாக நடந்துவரும் வேளாண் முறை. 'வேலியேற்றம்' என்று ஊரார் சொல்லும் ஓதப்பெருக்கு முற்றம்வரை வரும் இடங்களில் உப்பு மேலிருந்தும் கிணற்றில் இறங்குகிறது. அங்கே கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் பெருக்கு மட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்டியாக வேண்டும்.

ஊறலும் சுவையும் ஏற்றவையாக இருந்தால் ஆய்வகச் சோதனை. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம். குளோரைடுக்கு அவ்வெல்லைகள் 250, 1,000. நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. ஈ.கோலி நுண்ணுயிர் 100 மில்லிலிட்டரில் ஒன்றும் இருத்தலாகாது. சிறு மனைகளில் கழிவுத்தொட்டியும் கிணறும் நெருங்கி நிற்பதால் இந்தக் கடைசி எல்லைதான் அடிக்கடி மீறப்படுகிறது. கேரளக் கட்டட விதிகள் கழிவுக்குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 7.5 மீட்டர் கேட்கின்றன. பழைய வீட்டின் கழிவுக்குழி எங்கே புதைந்திருக்கிறது என்று கேட்டறிவது வாங்குபவரின் பொறுப்பு.

இரும்புச்சத்தையும் கவனிக்க வேண்டும். ஃபோர்ட் கொச்சி வெளியில் தமிழ் வண்ணார் சமூகத்தினர் துணி வெளுக்கும் தோபிகானாவை அறியாத வாடிக்கையாளர் இரார். இப்போதுள்ள கூடம் 1976-இல் கட்டப்பட்டது. தொழிலோ அதனினும் மிகப் பழையது. இரும்பு கலந்த நீரில் வெள்ளைத் துணி பழுப்பேறும் என்பதை அவர்கள் எந்த ஆய்வகத்துக்கும் முன்பே அறிவார்கள். விருந்தினர் அறைகளின் படுக்கை விரிப்புகளும் அப்படியே பழுப்பேறும்.

பலரும் மறந்துவிடுவது கட்டுமான நீரை. கிணற்று நீர் குடிக்கத்தான் உதவாது, கட்டடத்துக்கு ஆகும் என்ற எண்ணம் மேஸ்திரிகளிடையே பரவலாக உண்டு. ஐ.எஸ். 456 தரம் கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை குளோரைடை ஏற்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 500 மட்டுமே. நீரின் பி.எச். மதிப்பு 6-க்குக் குறையவும் கூடாது. ஏப்ரல் மாதத்து உப்புநீரில் கலவை குழைத்துக் கூரை போட்டால் கம்பி உள்ளிருந்தே துருப்பிடித்து, சில ஆண்டுகளில் கான்கிரீட் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். பதினைந்து ஆண்டுக் கடனில் வீட்டின் ஆயுளும் நம் பிணையத்தின் மதிப்பும் ஒன்றாகவே தேய்கின்றன. இந்த ஒன்றை நாம் உறுதியாகவே சொல்வோம்: கூரை போடும் மாதத்தில் அந்த நீரின் குளோரைடு அறிக்கை கையில் இல்லாவிட்டால், கலவைக்கு நல்ல நீரை விலை கொடுத்தே வாங்குங்கள்.

ஆவணங்களில் இரண்டு குறிப்புகள். தமிழில் 'நிலம்' என்றால் எந்த மண்ணும் ஆகும். கேரள வருவாய்ப் பதிவில் 'நிலம்' என்பது நெல்வயல், வீட்டுமனை 'புரயிடம்' எனப்படும். 'நிலம்' என்று பதிவான இடத்தில் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கிடும். தமிழ் வாசகர்கள் இவ்விடத்தில் ஏமாறுவது எளிது. இரண்டாவதாக, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தின் 2011 அறிவிக்கை உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தி, அங்கு வாழும் மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் விலக்கு அளித்தது. 2019-இல் புதிய அறிவிக்கை வந்துள்ளது. வாடகை விருந்தினருக்காக எடுக்கும் நீரின் நிலை என்ன என்பதை ஊராட்சியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. கிணற்று இடத்தை ஆய்ந்து கூற மாநில நிலத்தடி நீர்த் துறையின் மாவட்ட அலுவலகத்தைக் கட்டணம் செலுத்தி அணுகலாம்.

அளவீடு சாதகமாக இல்லையென்றால் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்பதில்லை. 1,200 சதுர அடிக் கூரையில் விழும் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். அதில் 10,000 லிட்டரை மூடிய தொட்டியில் சேமித்தால், பத்துப் பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 லிட்டர் வீதம் 125 நாள் வரும். டிசம்பர் முதல் மார்ச் வரையான வறட்சியை அது கடத்திவிடும். மீதியைக் கிணற்றருகே மணலில் இறக்கினால் வில்லை தடிக்கும். ஆர்.ஓ. கருவியை முதல் தீர்வாகக் கருத வேண்டாம். அது கழிக்கும் நீர் உப்பு செறிந்தது. அதை முற்றத்திலேயே ஊற்றினால் அடுத்த கோடைக்குள் கிணற்றுக்கே திரும்பும்.

விலை பேசும்போதே இவற்றுக்கெல்லாம் இடம் உண்டு. அச்சாரம் கொடுக்கும் ஒப்பந்தத்தில், ஏப்ரல் மாத நீர்ச் சோதனை குறித்த எல்லைக்குள் அமைந்தாலே கிரயம் என்று ஒரு நிபந்தனை சேர்க்குமாறு வழக்கறிஞரிடம் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த மறுப்பே ஒரு தகவல். கடன் விண்ணப்பத்துடன் தரும் மதிப்பீட்டில் மழைநீர்த் தொட்டி, வடிகட்டி, உயர்த்திய கிணற்றுச் சுவர், கட்டுமானத்துக்கு வாங்கும் நீர் ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாகக் காட்டுங்கள். தொடக்கத்திலேயே சேர்த்தால் அவற்றை வீட்டுக் கடனின் வட்டி விகிதத்திலேயே பரிசீலிக்க இயலும். இரண்டாவது கோடையில் அவசரமாக வந்து கேட்கும்போது பெரும்பாலும் எஞ்சுவது தனிநபர் கடன்தான், அதன் வட்டியோ கூடுதல்.