புதிய காவலனும் பழைய நம்பிக்கையும்

ஒரு திங்கட்கிழமைக் காலை. இலிகிதர் ஒருவர் தம் கந்தோருக்கு வந்து, மேசைமேல் உள்ள கணினியில் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இடுகின்றார். கணினி திறந்துகொள்கின்றது. ஆனால், வெள்ளிக்கிழமை மாலை பாதியில் நிறுத்திய சம்பளப் பட்டியலை அவர் தேடும்போது, அஃது இருந்த பொதுக் கோப்புறையையே காணவில்லை. அச்சுப்பொறியும் அசையவில்லை. அடுத்த மேசையிலும் அதே முறையீடு. சிறிது நேரத்தின் பின்னரே, உள்ளறையில் இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்த பெட்டியொன்று ஓய்ந்து கிடப்பதை எவரோ கண்டுவந்து சொல்கின்றார். சேர்வர் என்று பலரும் வழங்கும் சேவையகக் கணினி பழுதாகிவிட்டது.

“புதிதாக ஒன்றை வாங்கி, பழைய பெயரையே அதற்கு இட்டு, அதே கம்பியில் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது” என்று மேலாளர் எண்ணுகின்றார். மின்குமிழ் பழுதானால் நாம் அவ்வாறுதான் செய்கின்றோம். ஆயின், புதிய சேவையகத்தைப் பொருத்திய பின்னரும் மேசைக் கணினிகள் அதனை ஏற்பதில்லை. தமக்கும் அதற்கும் இடையே இருந்த நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது என்று அவை திரையில் அறிவிக்கின்றன. இயந்திரங்களுக்கு இடையே நம்பிக்கை என்பது யாது? அஃது எங்ஙனம் முறிகின்றது? முறிந்ததை மீண்டும் இணைப்பது எவ்வாறு? இவற்றையே இன்று காண்போம்.

பெரிய பண்டகசாலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் வாயிலில் ஒரு காவலன் நிற்கின்றான். அவன் கையில் ஒரு பதிவேடு உண்டு. உள்ளே வரத்தக்கவர் யார், யார் எந்த அறைக்குட் செல்லலாம் என்பன எல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. அலுவலகத்தின் சேவையகம் இத்தகைய காவலனே. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் 2000 முதலாக, அந்நிறுவனத்தின் சேவையகங்களில் இப்பதிவேடு அக்டிவ் டிரெக்டரி என்னும் பெயரால் வழங்குகின்றது. ஒரே பதிவேட்டுக்கு உட்பட்ட கணினிகளின் கூட்டத்தை ஆள்களம் என்பர்.

இப்பதிவேட்டில் மனிதர்களுக்கு மட்டுமன்றி, மேசைக் கணினி ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. அக்கணினியும் சேவையகமும் மட்டும் அறிந்த இரகசியச் சொல் ஒன்றும் உண்டு. நாம் யாரும் அதனைத் தட்டச்சுச் செய்வதில்லை. வழக்கமான அமைப்பில், முப்பது நாளுக்கு ஒருமுறை மேசைக் கணினி தானாகவே அதனை மாற்றிச் சேவையகத்துக்கு அறிவிக்கின்றது. இதற்கும் மேலாக, ஆள்களம் தோன்றும் பொழுதே அதற்கு ஒரு நீண்ட அடையாள எண் பிறக்கின்றது. ஆள்களத்தில் உள்ள ஒவ்வொருவர் கணக்கின் எண்ணும் அந்த எண்ணிலிருந்தே கிளைக்கின்றது. பெயர்கள் மனிதரின் வசதிக்காக. இயந்திரங்கள் ஒன்றையொன்று அறிவது எண்ணாலும் இரகசியத்தாலுமே.

இப்பொழுது மேலாளரின் தவறு விளங்கும். புதிய சேவையகத்திலே பழைய பெயரால் ஒரு புதிய ஆள்களத்தை உண்டாக்கினால், பெயர் ஒன்றாயினும் எண் வேறு. இரகசியங்களும் அங்கு இல்லை. இறந்துபோன காவலனின் பெயரையும் உடையையும் தாங்கி வேற்றாள் ஒருவன் வந்து நிற்பதற்கு அஃது ஒப்பாகும். மேசைக் கணினி அவனை ஐயுறுவது குற்றம் அன்று. அவ்வாறு ஐயுறாவிடின், எந்தக் கள்வனும் அதே பெயரைச் சூடிக்கொண்டு நம் கோவைகளைக் கைப்பற்றிவிடலாம் அன்றோ?

ஆகவே, பழுதுற்ற சேவையகத்தை மாற்றுவோர்க்கு இரண்டு வழிகளே உள்ளன. பழைய பதிவேட்டை மீட்டுப் புதிய காவலன் கையிற் கொடுப்பது ஒரு வழி. அவ்வாறாயின் மேசைக் கணினிகள் பெரும்பாலும் எவ்வித மாற்றமுமின்றி அவனை ஏற்றுக்கொள்ளும். பதிவேடு அறவே அழிந்துபோயின், புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கி, மேசை மேசையாகச் சென்று, ஒவ்வொரு கணினியையும் பழைய ஆள்களத்திலிருந்து விடுவித்துப் புதியதிற் சேர்ப்பது மற்றையது. பத்துக் கணினிகள் உள்ள இடத்தில் இஃது ஒரு நாளுழைப்பு. பல்லாயிரம் கணினிகள் உள்ள இடத்தில் யாது நேரும்? இதற்கு விடை கூறும் உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது மேர்ஸ்க் என்னும் கப்பல் நிறுவனம். உலகின் கடல்வழிக் கொள்கலன் வாணிகத்தில் பெரும் பங்கு அதனுடையது. 2017ஆம் ஆண்டு யூன் 27ஆம் நாள், நொட்பெட்யா எனப் பெயர்பெற்ற நாசநிரல் அந்நிறுவனத்தின் வலையமைப்பிற் புகுந்தது. உக்ரேன் நாட்டில் வரிக்கணக்கு எழுதப் பலரும் பயன்படுத்திய மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பின் வழியாக அது பரவியது. கப்பப் பணம் கேட்பது போல நடித்ததாயினும், அதன் நோக்கம் அழிவே. சில மணி நேரத்துக்குள் கணினித் திரைகள் வரிசையாக இருண்டன. துறைமுக வாயில்களில் பாரவண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன; எந்தப் பெட்டி எவருடையது, எங்கே செல்லவேண்டியது என்று கூற எவராலும் இயலவில்லை.

மேர்ஸ்க் நிறுவனத்தார் ஒரே காவலனை நம்பியிருந்தவர் அல்லர். ஆள்களத்தைக் காக்கும் சேவையகங்கள் ஏறத்தாழ நூற்றைம்பது, உலகின் பல பாகங்களிலும் அவர்களிடம் இருந்தன. ஒன்றில் எழுதப்பட்டது மற்றெல்லாவற்றிலும் பதியும்; ஒன்று பழுதாயின் ஏனையவை தாங்கும். ஆனால், எல்லாம் ஒரே நேரத்தில் அழியக்கூடும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்றோடொன்று பிணைந்திருந்தமையால், அத்தனையும் ஒன்றாகவே அழிந்தன. மற்றைய கணினிகளின் பிரதிகள் பல கிடைத்தன. பதிவேட்டின் பிரதி மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.

இறுதியில், மேற்கு ஆபிரிக்காவின் கானா நாட்டிலிருந்த ஒரு சேவையகம் தப்பியிருந்தமை தெரியவந்தது. அதனைக் காத்தது யாருடைய முன்யோசனையும் அன்று. தாக்குதல் நிகழ்ந்த வேளையில் அங்கே மின்சாரம் தடைப்பட்டிருந்தது! வலையமைப்பிலிருந்து அது விலகிக் கிடந்தமையால் நாசநிரல் அதனை அணுகவில்லை. அங்கிருந்து இங்கிலாந்துக்கு அப்பதிவேட்டைக் கம்பிவழி அனுப்பப் பல நாட்கள் செல்லும் எனக் கண்டனர். கானாவில் இருந்த ஊழியரிடம் பிரித்தானிய விசா இல்லை. ஆகவே ஒருவர் வன்தட்டைக் கையிற் கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்தார். அங்கே அதனைப் பெற்றுக்கொண்ட மற்றொருவர் இலண்டனுக்குக் கொணர்ந்தார். அந்த ஒரு வன்தட்டிலிருந்தே நிறுவனத்தின் பதிவேடு மீண்டும் உயிர்பெற்றது.

நாலாயிரம் சேவையகங்களையும் நாற்பத்தையாயிரம் கணினிகளையும் பத்து நாட்களில் மீள நிறுவியதாக அந்நிறுவனத்தின் தலைவர் 2018ஆம் ஆண்டு தாவோஸ் மாநாட்டில் எடுத்துரைத்தார். நட்டமோ இருபத்தைந்து கோடி முதல் முப்பது கோடி அமெரிக்க டொலர் வரை என்று நிறுவனமே மதிப்பிட்டது.

நேயர்களே, கப்பல் நிறுவனத்தின் இந்நிகழ்ச்சி பத்து மேசைகள் உள்ள கந்தோருக்கும் பொருந்துவதே. சேவையகம் ஓய்ந்த அன்று செய்யத்தக்கவற்றை வரிசையாகக் கூறுகின்றேன்.

முதலாவது, பதற்றத்தில் எதனையும் அழித்தல் ஆகாது. பெட்டி பழுதாயினும் வன்தட்டு நல்ல நிலையில் இருக்கலாம். பல தட்டுகள் சேர்ந்து இயங்கும் அமைப்பாயின், கழற்றுமுன் எது எந்த இடத்தில் இருந்தது என்பதை எழுதி ஒட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, அதே ஆள்களத்தில் இன்னொரு சேவையகம் உயிரோடு இருப்பின், பழைய பிரதியைத் தேடி அலையவேண்டுவது இல்லை. புதிய இயந்திரத்தை அதன் துணையாகச் சேர்த்தாற் போதும். பதிவேட்டை உயிரோடு இருப்பதனிடமிருந்தே அது கற்றுக்கொள்ளும். இறந்த சேவையகம் ஏற்றிருந்த சிறப்புப் பொறுப்புகள் ஐந்து வரை இருக்கலாம். அவற்றை உயிரோடு இருப்பதற்கு மாற்றி, இறந்ததன் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குதல் வேண்டும். அதன்பின் அப்பழைய பெட்டியைத் திருத்தி மீண்டும் கம்பியில் இணைத்தலாகாது. ஒரே பொறுப்புக்கு இருவர் உரிமை கோரினால் பதிவேடு குழம்பும்.

மூன்றாவது, முகவரி. மேசைக் கணினிகள் காவலனைத் தேடுவது பெயர்முகவரிச் சேவையின் வழியாகும். அது பழைய எண்ணையே சுட்டிக்கொண்டிருப்பின், காவலன் வந்துவிட்டாலும் அவனிருக்கும் இடம் எவர்க்கும் தெரியாது. இணைப்பு அறுந்ததென்று வரும் முறைப்பாடுகள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

நான்காவது, கடிகாரம். அடையாளம் காட்டும் சீட்டுகளில் நேரமும் பொறிக்கப்படுகின்றது. மேசைக் கணினியின் கடிகாரத்துக்கும் சேவையகத்தின் கடிகாரத்துக்கும் இடையே ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருப்பின், வழக்கமான அமைப்பில் அச்சீட்டு ஏற்கப்படாது. கடவுச்சொல் தவறென்று ஐயுறுமுன் கடிகாரத்தைப் பாருங்கள்.

ஐந்தாவது, எல்லாக் கணினிகளையும் ஒருங்கே தொடாமல், ஒன்றை மட்டும் முதலில் இணைத்துச் சோதித்தல் நன்று. ஆள்களத்திலிருந்து விடுவிக்குமுன், அக்கணினிக்கே உரிய நிருவாகியின் கடவுச்சொல் கையில் உண்டோ என உறுதி செய்துகொள்ளுங்கள். இன்றேல் பழைய வீட்டைப் பூட்டிவிட்டுப் புதிய வீட்டின் திறப்பும் இல்லாது தெருவில் நிற்கும் நிலை நேரும்.

புதிய ஆள்களத்தில் முதன்முறையாக நுழையும் இலிகிதர், தம் கோப்புகளும் படங்களும் மறைந்துவிட்டன என்று கலங்குவார். அவை அழியவில்லை. அவர் பெயர் பழையதாயினும் எண் புதியது. ஆதலால் கணினி அவரைப் புதியவராகக் கருதி, வெறுமையான அறையொன்றைத் தந்திருக்கின்றது. பழைய அறை அதே வன்தட்டில் இருக்கின்றது. அங்கிருந்து பொருள்களை மாற்றிக் கொடுத்தல் வேண்டும். இதனை முன்கூட்டியே ஊழியர்க்கு அறிவித்துவிட்டால் அச்சம் பெரிதும் குறையும்.

இவையெல்லாம் நோய் வந்தபின் செய்யும் மருத்துவம். நோய்க்கு முன்னர்ச் செய்யத்தக்கவை மூன்று. காவலர் இருவரை அமர்த்துங்கள். ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் தாங்குவார். பதிவேட்டின் பிரதியொன்றை வலையமைப்புக்கு வெளியே, கம்பி எட்டாத இடத்தில் வையுங்கள். ஏனெனில் நூற்றைம்பது காவலரும் ஒரே கம்பியில் நின்றால், ஒரே அடியில் வீழ்வர். மூன்றாவதாக, அப்பிரதியிலிருந்து உண்மையிலேயே மீட்க இயலுமா என்று ஆண்டில் ஓரிருமுறையேனும் சோதித்துப் பாருங்கள். சோதிக்கப்படாத பிரதி வெறும் நம்பிக்கையே; சோதிக்கப்பட்டது பாதுகாப்பு.

கடையில் எந்நேரமும் வேறொரு பெட்டி கிடைக்கும். கடையிற் கிடைக்காதது, அப்பெட்டிக்கும் நம் மேசைகளுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் வளர்ந்த அறிமுகம். அதன் பிரதியொன்று உங்கள் அலுவலகத்துக்கு வெளியே எங்கேனும் இருக்கின்றதா? நாளை காலை கந்தோருக்குச் சென்றதும் இவ்வொரு கேள்வியைக் கேளுங்கள். விடை தெரிந்தவர் எவரும் இல்லையெனின், அன்றைய முதல் வேலை அதுவே ஆகட்டும்.