பதினைந்தே நிமிடத்தில் நாலு புரதம்!

அமெரிக்காவின் சியாட்டில் நகரம், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். மேசைமேல் அறுவை அரங்கிலிருந்து வந்த மார்பகத் திசு ஒரு துண்டு. உறைய வைக்கவில்லை, மெழுகில் புதைக்கவில்லை, சீவவில்லை. பச்சையாக அப்படியே கிடக்கிறது! ஓரத்தில் புற்றுசெல் மிச்சமிருக்கிறதா? வழக்கமான அறிக்கை வர நாள்கணக்காகும். இங்கே 15 நிமிடம். எட்டிப் பார்ப்போமா?

குப்பியில் தங்க நானோதுகள் கலவை. ஒவ்வொரு வகைத் தங்கத்தின்மேலும் ஒரு தனிச் சாயம், அதன்மேல் சிலிக்கா உறை, அதற்கும்மேல் ஓர் ஆன்டிபாடி. ஒன்று ஹெர்2 புரதத்தைத் தேடும். மற்றவை தேடுவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, இஜிஎஃப்ஆர், சிடி44. நாலும் மார்பகப் புற்றில் கூடுதலாகக் காணப்படக்கூடிய புரதங்கள். திசுவில் தடவி, கழுவி, 785 நானோமீட்டர் லேசரை ஓட்டினால் ஆட்டம் ஆரம்பம்!

லேசர் பட்டதும் சாயத்திலிருந்து நிறம் மாறித் திரும்பும் ஒளியைத்தான் படிக்கிறார்கள். அதற்குப் பெயர் ராமன் ஒளிச்சிதறல். இயல்பில் அது பரம சோனி. கோடி ஒளித்துகளில் ஒன்று நிறம் மாறித் திரும்பினால் பெரிய விஷயம். (நம்ம திருச்சிக்காரர் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தாவில் வெயிலையும் வண்ணக் கண்ணாடியையும் வைத்தே அதைப் பிடித்தார்களே!) தங்கத்தில் ஒட்டிய சாயமோ லட்சக்கணக்கான மடங்கு பலமாகச் சிதறுகிறது, அதுவும் மெல்லிய கோடுகளாக. ஒளிரும் சாயங்கள் நாலைந்து சேர்ந்தாலே அவற்றின் அகலப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ராமன் துகள்களில் பத்து வகையை உயிருள்ள எலியிலேயே பிரித்துக் காட்டியது ஸ்டான்ஃபோர்டு, 2009இல்.

எனக்குப் பிடித்த தில்லாலங்கடி இனிமேல்தான். எந்தப் புரதத்தையும் தேடாத ஒரு வகைத் துகளையும் வேண்டுமென்றே கலக்கிறார்கள். எதற்காம்? ஈரத் திசுவில் துகள்கள் சும்மாவே ஒட்டிக்கொள்ளும், கல்யாணப் பந்தியில் அழைப்பில்லாமல் உட்கார்கிறவர்கள் மாதிரி. வேலையில்லாத துகள் எங்கெங்கே எவ்வளவு தங்கியது என்று பார்த்து, தேடும் துகளின் அளவை அதனால் வகுத்தால், எங்கே உண்மையாகப் பிடித்தது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். என் ஓட்டு தங்கத்துக்கும் இல்லை, லேசருக்கும் இல்லை. இந்த வகுத்தலுக்குத்தான்!

2017இல் வெளியான ஆய்வில், 57 மார்பகத் திசுக்களில் புற்றையும் நல்ல திசுவையும் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது தடவை இது சரியாகப் பிரித்தது. நோயியலாளரின் மைக்ரோஸ்கோப்பை ஓரங்கட்ட அது போதாது. தையல் போடுமுன் ‘இந்த ஓரத்தை இன்னொரு தரம் பாருங்கள்’ என்று அறுவை மருத்துவரிடம் சொல்வதற்கு, என் கணக்கில், போதும்.